பழுப்புக் கறை

படித்தவர்கள் என்றாலே முதலாளியம்மாவுக்கு ஆகாது. மருத்துவமனைத் துணிகளை வெளுத்துக் கொடுக்கும் அவளுடைய சலவைக்கூடத்தில் யார் வேலை கேட்டு வந்தாலும் முதல் கேள்வி, "எதுவரைக்கும் படிச்சே?" என்பதுதான். பட்டம் என்று வாயைத் திறந்தால் போச்சு. நாற்காலி தேடுகிற ஆள் இங்கே வேண்டாம் என்று வாசலோடு அனுப்பிவிடுவாள். அவள் பெற்ற மகனே பட்டம் வாங்கிய கையோடு, ஈரத்துணி வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்று எங்கோ போய்விட்டான். அந்தக் கோபத்தை உலகத்துப் பட்டதாரிகள் எல்லாரும் சேர்ந்து சுமக்க வேண்டியிருந்தது.

நெட்டையன் வேதியியலில் முதுகலை. வேலை தேடிச் செருப்புத் தேய்ந்தவன், "பத்தாவதும்மா" என்று கூசாமல் புளுகி உள்ளே நுழைந்தான். நுழைந்தபின் அவனைக் குறை சொல்ல முடியாது. மூட்டை தூக்கினான், வண்டியோடு போய் அழுக்குத்துணி எடுத்து வந்தான், கொதிக்கிற இஸ்திரி உருளையில் படுக்கை விரிப்புகளைச் சுருக்கமில்லாமல் விட்டு எடுத்தான். முதலாளியம்மா அவனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினாள். "படிக்கல, அதான் உடம்பு வளையுது" என்பாள். அவன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பான். வேறென்ன செய்வது?

வினை விரிப்புகளில் வந்தது. வெளுத்த விரிப்புகளில் திட்டுத் திட்டாகப் பழுப்புக் கறை. சலவை இயந்திரங்கள் பெரியண்ணனின் ராஜ்யம்; கூடம் தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர், நுரையைப் பார்த்தே சோப்பு போதுமா என்று சொல்லிவிடுவார். கறையைப் பார்த்தவர் ப்ளீச்சிங் கரைசலை ஒரு குவளை கூட்டினார். கறையும் கூடியது. இன்னொரு குவளை ஊற்றினார். இன்னும் மோசம். மருத்துவமனை மூட்டைகளைத் திருப்பி அனுப்பத் தொடங்கியது.

நெட்டையனுக்குக் காரணம் தெரியும். வார்டில் துணி எடுக்கப் போனபோது, நோயாளிகளின் தோலைத் துடைக்கப் புதிதாக வந்திருந்த மருந்துப் புட்டியைத் திருப்பிப் படித்திருந்தான். அந்த மருந்து துணியில் ஒட்டிக்கொண்டால், ப்ளீச்சில் உள்ள குளோரின் பட்டதும் பழுப்பாகிவிடும். குளோரினை நிறுத்தி, அது இல்லாமலே வெளுக்கும் பெராக்சைடு போட்டால் தீர்ந்தது. ஆனால் பத்தாவது படித்தவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பாளே! கேட்டால் வேலை போகும். வீட்டில் கைக்குழந்தை. வார்த்தையை மென்று விழுங்கினான். தானாகச் சரியாகிவிடும் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டான். ஆகாது என்று அவன் படித்த படிப்பு சொன்னது, அதையும் விழுங்கினான்.

வாரம் முழுக்கப் பெரியண்ணன் திட்டு வாங்கினார். சனிக்கிழமை முதலாளியம்மா அவரை எல்லார் முன்னாலும் கூப்பிட்டாள்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. உங்களால முடியல. திங்கக்கிழமையிலேர்ந்து மெஷினுக்கு வேற ஆளு வரான்."

அவர் ரப்பர் கையுறைகளைக் கழற்றி, கழுவி, கொடியில் போட்டார். நெட்டையனுக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா, தப்பு அவர் மேல இல்ல."

எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அவள் நம்பவில்லை. அழுக்கு விரிப்பு ஒன்றை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை ப்ளீச்சிலும், மறு பாதியை ரத்தக்கறைக்கு வைத்திருந்த பெராக்சைடிலும் அலசிக் காட்டினான். ஒன்று பழுத்தது, ஒன்று வெளுத்தது.

"நீ எதுவரைக்கும் படிச்சே?"

"எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரிம்மா."

வாசலைக் காட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் கேட்டது வேறு.

"இது எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

"திங்கக்கிழமையிலேர்ந்து."

"பொய் சொல்லி உள்ள வந்தது என் வாய்க்குப் பயந்து. அதை நான் பொறுத்துக்கறேன், நீ இருக்கலாம். மத்ததை அண்ணன்கிட்ட பேசிக்கோ." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பெரியண்ணன் வெளுத்த பாதியை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மன்னிச்சுடுங்க. இனிமே உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது."

"அதில்ல தம்பி. இந்த வாரம் வாங்கின திட்டுக்கு வீட்ல என்ன காரணம் சொல்லியிருக்கேன் தெரியுமா? கண்ணு மங்கிப்போச்சு, கறை தெரிய மாட்டேங்குதுன்னு சொல்லியிருக்கேன். உங்க அண்ணி ஒரு வெள்ளைத்துணியை எடுத்துட்டு வந்து, இதுல மை பட்டிருக்கே தெரியுதான்னு கேட்டா. நல்லா தெரிஞ்சுது. தெரியலேன்னேன்."

நெட்டையனுக்குப் புரியவில்லை. "ஏண்ணே?"

"கண்ணு போச்சுன்னா தாங்கிக்கலாம். தொழிலே மறந்து போச்சுன்னு அவகிட்ட எந்த வாயால சொல்றது?"

பெரியண்ணன் எழுந்து இயந்திரத்தின் பக்கம் போனார்.

"அந்தப் பெராக்சைடு எவ்வளவு ஊத்தணும்?"

சொன்னான். அவர் கேட்டுக்கொண்டார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.