சாவி திருப்பாத அரை மணி நேரம்

சாந்தன்பாறைக்கு மேலே ஓர் ஏலத் தோட்டம். அங்கே ஜீப்புக்கு வைத்தியம் பார்க்கும் பொன்ராஜுக்குத் தன் கைவேலையில் கொஞ்சம் கர்வம் உண்டு. துரையின் பழைய அமெரிக்கக் கார் டக்டக்கென்று அடிக்கிறதென்று டிரைவர் மிக்கேல் சொன்னதும், காலையிலேயே எஞ்சின் மூடியைத் திறந்து, வால்வுகளை அழுத்தித் திறக்கும் பன்னிரண்டு ராக்கர்களையும் கழற்றிப் போட்டான். அன்றைக்குப் பார்த்தா அவன் மனைவி சுருளியம்மாளுக்கு வலி எடுக்க வேண்டும்?

பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று தோட்டத்து நர்ஸ் கையை விரித்துவிட்டாள். ஜீப்போடு துரை மூணாறு போயிருந்தார். மிச்சமிருந்தது இவன் பிரித்துப் போட்ட கார்தான்.

ஜீப் என்றால் ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே இடைவெளி விட்டு முடுக்க வேண்டும். இதில் இடைவெளியே கூடாது. அடியிலிருக்கும் லிஃப்டரில் எண்ணெய் நின்று அதுவே ஈடுகட்டிக்கொள்ளும். அதெல்லாம் அவனுக்குத் தெரியும். ராக்கர்களைத் திரும்ப மாட்டி முடுக்கி, ஆட்டம் போனதும் ஒவ்வொரு நட்டுக்கும் மேற்கொண்டு ஒரு சுற்று கொடுத்தான். கம்பளியில் தூக்கி வந்து சுருளியைப் பின்சீட்டில் கிடத்தினார்கள். அவள் அம்மா மூக்கம்மாள் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள்.

சாவியைத் திருப்பினான். எஞ்சின் பிடிமானமே இல்லாமல் சும்மா சுற்றியது.

மிக்கேல் அப்போதுதான் தயங்கிச் சொன்னான். கொச்சியில் இந்தக் காரைப் பார்த்த மெக்கானிக் ராக்கரை முடுக்கியதும் டீ குடிக்கப் போய்விடுவாராம். அரை மணி கழித்து அவர் வரும்வரை யாரும் சாவியைத் தொடக்கூடாதாம். சோம்பேறி என்று எல்லாரும் சிரிப்பார்களாம்.

பொன்ராஜுக்குச் சட்டென்று புரிந்தது. அது சோம்பல் இல்லை. லிஃப்டரில் நிறைந்த எண்ணெய் மெல்லக் கசிந்து இறங்கினால்தான், அந்தக் கூடுதல் சுற்றில் திறந்து நிற்கும் வால்வுகள் மூடும். அவசரப்பட்டுச் சுற்றினால் ராக்கரைத் தள்ளும் கம்பி, புஷ்ராடு, வளையும். மாற்றுவதற்கு இந்த மலையில் ஒன்று கிடையாது. சாவியை உருவிக் கைக்குள் பொத்திக்கொண்டு பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தான்.

"என்னங்க, திருப்புங்க. என்னால முடியல" என்றாள் சுருளி.

"இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோ தாயி."

"எம்மவ சாகக் கெடக்கா, நீ உக்காந்து வேடிக்கை பாக்கியா?" என்று கேட்டாள் மூக்கம்மாள். அவன் சாவியை இன்னும் இறுக்கிப் பிடித்தான். உள்ளுக்குள் கதறிக்கொண்டிருந்தான்.

அரை மணி கழித்து ஒரே திருப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. டக்டக் சத்தம் துளியும் இல்லை. போடிமெட்டு வளைவுகளில் மிக்கேல் காரைப் பறக்கவிட்டான்.

சுருளி பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. கொஞ்சம் முந்தி வந்திருக்கலாமே என்றார் டாக்டர்.

மூக்கம்மாள் அதற்குப் பிறகு மருமகனோடு பேசவே இல்லை. சுருளி மட்டும் ஒரு வருஷம் கழித்து, சோறு போட்டுக்கொண்டிருந்தவள், ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"அன்னைக்குக் கொஞ்சம் முன்னாடியே திருப்பியிருந்தா ஓடியிருக்குமா?"

"ஓடியிருக்காது" என்றான்.

அரை மணி வேண்டியிருந்ததா, பத்து நிமிஷமே போதுமா என்பது அன்றும் அவனுக்குத் தெரியாது, இன்றும் தெரியாது.