முதல் பேர் தெரியாத வேட்பாளர்

மாதிரி ஓட்டுச்சீட்டு தபாலில் வந்த அன்றைக்கு ஹாஜா நஜ்முதீன் சிரித்த சிரிப்பில், குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கு வழியாக வந்துவிட்டது. கட்டிய மனைவி மில்ஹேவன் டவுன்ஷிப் கவுன்சில் தேர்தலில் நிற்கிறாள், அச்சில் பேர் வந்திருக்கிறது, ஃப்ரேம் போட்டு மாட்டவேண்டிய மனுஷன் கார்பெட்டில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தால் ஹபீஸாவுக்கு எப்படி இருக்கும்? வெடுக்கென்று பிடுங்கிப் பார்த்தாள். அவள் பேர் இருக்கவேண்டிய இடத்தில் கொட்டை எழுத்தில் 'எஃப்.என்.யூ. ஹபீஸா' என்று இருந்தது.

"உம்மா, யூ ஆர் ஃபுனூ!" என்று அந்த மூன்று எழுத்தையும் சேர்த்துப் படித்துக் கத்தினாள் மகள் அஸ்ஃபியா. பன்னிரண்டு வயசு, நியூ ஜெர்சியில் பிறந்தவள். தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும்.

சங்கதி இதுதான். கீழக்கரையில் பாஸ்போர்ட் எடுத்தபோது ஹபீஸாவுக்கு ஒரே பேர். வாப்பா வைத்தது, ஊருக்கெல்லாம் தெரிந்தது, அது போதாதா? குடும்பப் பேர் கேட்ட கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டார்கள். அமெரிக்க விசாவில் அது நடக்காதாம். இருந்த ஒரே பேரைத் தூக்கிக் கடைசிப் பேராக்கி, முன்னால் 'ஃபர்ஸ்ட் நேம் அன்நோன்' என்பதற்கு மூன்று எழுத்தைச் சொருகிவிட்டார்கள். முதல் பேர் தெரியாது! அந்த மூன்று எழுத்து கிரீன் கார்டில் ஏறியது, டிரைவிங் லைசென்ஸில் ஏறியது, சிட்டிசன்ஷிப்பிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. "மாத்திக்கலாம், மாத்திக்கலாம்" என்று வருஷக்கணக்காகத் தள்ளிப்போட்டாளே, அது 2006 மே மாதத் தேர்தலில் வந்து பல்லைக் காட்டியது. டவுன்ஷிப் ஆபீஸில் கேட்டால், வாக்காளர் பட்டியலில் எப்படியோ அப்படித்தான், சீட்டு அச்சாகிவிட்டது என்றார்கள்.

"என் பேரே தெரியாதுன்னு மில்ஹேவன் பூரா அடிச்சு அனுப்பியிருக்காங்க மச்சான். சிரிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?" ஹபீஸா துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கராஜில் 'ஹபீஸா' என்று மட்டும் எழுதிய முந்நூறு தேர்தல் போர்டுகள் அடுக்கிக் கிடந்தன.

விளையாட்டுக்கா அவள் தேர்தலில் நின்றாள்? ஊருக்கு வந்த புதிதில் அவர்கள் குடியிருந்த அபார்ட்மென்ட்டுக்குப் பின்னால் ஒரு சதுப்பு நிலம், அதன் நடுவே சின்ன ஓடை. மூன்று வருஷத்துக்கு முன் ஓனர் பாதிச் சதுப்பை மண் கொட்டி மேடாக்கினார். அன்றிலிருந்து பெரிய மழை பெய்தால் தண்ணீர் நேராகத் தரைத்தள வீடுகளுக்கு வந்தது. மிச்சத்தையும் மூடிப் பார்க்கிங் கட்டக் கவுன்சிலில் மனு போட்டிருந்தார்கள். அது பாஸானால் தரைத்தளத்து நாற்பது குடும்பமும் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். மழைநீர் வடிகாலே தொழிலாக இருக்கும் இன்ஜினியர் ஹபீஸா மூன்று கூட்டத்தில் வரைபடத்தோடு போய்ப் பேசினாள். மூன்று நிமிஷம் ஆனதும் மைக்கை அணைத்தார்கள். அந்தக் கோபத்தில்தான் வேட்புமனு போட்டாள்.

அந்தத் தரைத்தளத்தில் இருப்பவள்தான் சாந்தாமணி. பொள்ளாச்சிக்காரி, ஆஸ்பத்திரி நர்ஸ், ஹபீஸாவின் தேர்தல் தளபதி. டிவியில் மழை என்று சொன்னாலே இருபது பவுண்டு அரிசி மூட்டையைத் தூக்கி ஃப்ரிட்ஜ் தலையில் வைத்துவிடுவாள். மூன்று வருஷமாக அந்த மூட்டை கீழே இறங்கியதே இல்லை.

விஷயம் கேட்டு ஓடிவந்தவள், கழுத்தில் தொங்கிய ஆஸ்பத்திரி பேட்ஜைத் தூக்கிக் காட்டினாள். எஃப்.என்.யூ. சாந்தாமணி!

"இதுக்கா அழுவற கண்ணு? பதினஞ்சு வருசமா என்ற பேசன்ட்டுங்க 'நர்ஸ் ஃபுனூ'ன்னுதான் கூப்பிடறாங்க. கிறிஸ்துமஸுக்குக் கேக்கு கூட ஃபுனூ பேருக்குத்தான் வருது. பேரு கெடக்குது போ, சீட்டுல எப்படி இருக்குதோ அப்படியே போர்டுலயும் எழுது!"

ஹபீஸாவுக்கு முதலில் சிரிப்பு வரவில்லை. பேட்ஜைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், அப்புறம் அடக்கமுடியாமல் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

சனிக்கிழமை முழுக்க கராஜில் பெயின்ட் வேலை. ஹாஜா நஜ்முதீன் உற்சாகம் தாங்காமல் மளமளவென்று நாற்பது போர்டு எழுதி முடித்தபின் அஸ்ஃபியா வந்து பார்த்துத் தலையில் கை வைத்தாள். "வாப்பா! யூ ரோட் ஃபன்!" என்யூ என்பதை யூஎன் என்று மாற்றிவிட்டார் மனுஷன். 'ஃபன் ஹபீஸா.' படித்த ஆடிட்டர்! பெயின்ட் தீர்ந்துபோயிருந்ததால் அதையும் அப்படியே நட்டார்கள். மறுநாள் ரோட்டில் போன கார்களெல்லாம் ஹாரன் அடித்துவிட்டுப் போயின. "எங்க வாசலுக்கும் ஒரு ஃபன் போர்டு வேணும்" என்று பதினோரு பேர் கேட்டு வாங்கிப் போனார்கள். ஹாஜா நஜ்முதீன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

வீடு வீடாக ஏறி இறங்கினாள் ஹபீஸா. கதவைத் திறக்கும் பாட்டிகளும் தாத்தாக்களும் "நீதான் ஃபுனூவா?" என்று கேட்டார்கள். ஆமாம் நான்தான் என்று கதையைச் சொன்னால் உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள். பேச்சு பேரில் ஆரம்பித்து நேராகப் பேஸ்மென்ட்டுக்குப் போகும். எத்தனை பேஸ்மென்ட்டில் தண்ணீர்! ஹபீஸா சல்வாரை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கிப் பார்த்து, தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கை நீட்டிச் சொல்லிவிட்டு ஏறிவந்தாள்.

தேர்தலுக்கு நாலு நாள் முன்பு நூலகத்தில் வேட்பாளர் விவாதம். எதிரே டக் ஹென்னிங், பதினாறு வருஷமாக அந்த நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருந்தவர், பார்க்கிங் மனுவுக்கு ஆதரவானவர். இனிக்க இனிக்கச் சிரித்துவிட்டுச் சொன்னார்: "நல்ல பெண்மணிதான். ஆனால் முதல் பேரே தெரியாத ஒருத்தரை நம்பியா நம்ம ஊரை ஒப்படைக்கிறது?"

ஹபீஸாவுக்குக் காது ரெண்டும் சூடேறிப்போனது. வாப்பா ஆசையாக வைத்த பேரைத் தெரியாது என்கிறானே இந்த ஆள்! எழுதிக் கொண்டுவந்த பதிலெல்லாம் பறந்துபோச்சு. கையில் இருந்ததோ டவுன்ஷிப் வரைபடம் ஒன்றுதான்.

"மிஸ்டர் ஹென்னிங், நீங்க மூடப்போற ஓடைக்குப் பேர் என்ன?"

டக் முழித்தார். தண்ணீர் குடித்தார். வரைபடத்தைப் பார்க்கக் கண்ணாடியைத் தேடினார்.

"நானே சொல்றேன். மேப்ல 'பேரில்லாக் கிளை ஓடை'ன்னு போட்டிருக்கு. அதுக்கும் பேர் தெரியாது, எனக்கும் முதல் பேர் தெரியாது. ஆனா உங்க வீட்டுக்குத் தண்ணி எங்கேயிருந்து வருதுன்னு எனக்குத் தெரியும்."

பின் வரிசையில் சாந்தாமணி எழுந்து, கழுத்துப் பேட்ஜை உயரத் தூக்கி, "ஃபுனூ!" என்று ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், காபி கொடுத்த பாட்டிகளெல்லாம் சேர்ந்துகொண்டார்கள். "ஃபுனூ! ஃபுனூ!" என்று நூலகம் அதிர்ந்தது. நூலகரே உஷ் சொல்ல மறந்து கைதட்டிக்கொண்டிருந்தார்.

இருபத்துமூன்று ஓட்டு வித்தியாசத்தில் ஹபீஸா ஜெயித்தாள். ஹாஜா நஜ்முதீன் அத்தனையும் தன் ஃபன் போர்டுக்கு விழுந்தவை என்று இன்றுவரை சாதிக்கிறார், யாராலும் மறுக்கமுடியவில்லை.

ஜூலையில் அந்தப் பார்க்கிங் மனு கவுன்சிலுக்கு வந்தது. நாலு பேர் ஓட்டுப் போட்டு ரெண்டுக்கு ரெண்டாக நிற்க, கடைசியாக ஹபீஸாவின் முறை. "கூடாது" என்றாள். அதே கூட்டத்தில், கொட்டிய மண்ணை ஓனரே அள்ளவேண்டும் என்ற அவளுடைய தீர்மானமும் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் பாஸானது. செப்டம்பர் முழுக்க லாரிகள் வந்து போயின. அபார்ட்மென்ட் பிள்ளைகள் ஓடைக்கரையில் மரப்பலகை ஒன்றை நட்டு 'ஃபுனூ ஓடை' என்று எழுதிவைத்தார்கள்.

அக்டோபரில் ரெண்டு நாள் அடைமழை. மூன்றாம் நாள் காலையில் ஹபீஸாவால் ஆபீஸில் இருக்கமுடியவில்லை. காரை எடுத்துக்கொண்டு சாந்தாமணி வீட்டுக்குப் போனாள். வெளியே ஓடை செம்மண் நிறத்தில் சதுப்பு முழுக்க விரிந்து கிடந்தது. வீட்டு வாசல்வரை ஒரு சொட்டு வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கார்பெட்டை மிதித்துப் பார்த்தாள். மொறமொறவென்று காய்ந்திருந்தது.

சாந்தாமணி ஸ்டூலைப் போட்டு ஏறினாள். ஃப்ரிட்ஜ் தலையிலிருந்து அரிசி மூட்டையை ரெண்டு கையாலும் அணைத்து இறக்கித் தரையில் தொம்மென்று வைத்தாள்.

"கெடக்கட்டும் இங்கேயே" என்றாள். "உக்காரு ஃபுனூ, சோறு வைக்கிறேன்."