சுவருக்கு அந்தப் பக்கத்துச் சிரிப்பு

சலவைக்கூடத்தில் வேலை முடிந்ததும் பெண்கள் எல்லோரும் ஒரே அறையில்தான் குளிப்பார்கள். தடுப்பு கிடையாது, திரை கிடையாது. சுவரோரம் வரிசையாகக் குழாய்கள், நடுவில் ஒரு நீள பெஞ்சு, அவ்வளவுதான். வேலைக்கு வந்த அன்று அண்ணியும் நாத்தனார் சிட்டுவும் வாசலிலேயே உறைந்து நின்றார்கள். உள்ளே எல்லோரும் பிறந்த மேனியாக, கடைத்தெருவில் நிற்பதுபோல் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். "அய்யோ அண்ணி, ஓடிடலாம்" என்று சிட்டுதான் அண்ணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அதற்கப்புறம் கூட்டம் கலைந்த பிறகுதான் இருவரும் போவார்கள். பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு ஒருத்தி குளிக்க, இன்னொருத்தி கதவைக் காவல் காப்பாள். அண்ணிக்கு அந்தக் காவல் பிடித்திருந்தது. பாஷை தெரியாத இடத்தில் அவளுக்கு வாய்விட்டுப் பேச இருந்தது சிட்டு ஒருத்திதான். அண்ணி கல்யாணமாகி வந்தபோது பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தவள். தலை பின்னிவிட்டு வளர்த்த பிள்ளை.

ஒருநாள் வெளுப்பு மருந்து டப்பா சரிந்து சிட்டுவின் மேல் கொட்டிவிட்டது. அவள் அலறின அலறலில் நாலைந்து பேர் ஓடிவந்து, அவளைக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போய், துணியைக் கிழித்தெறிந்து குழாயடியில் நிறுத்தினார்கள். மாடியில் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்த அண்ணிக்கு விஷயம் தெரிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுவாரமே சிட்டு அவர்களோடு குளிக்கப் போக ஆரம்பித்தாள்.

"அவங்கதான் எல்லாத்தையும் பாத்துட்டாங்களே அண்ணி, இனிமே என்னத்த மறைக்க? தெருவுல ஒரு முடி தெரியாம முக்காடு போட்டுட்டுப் போவாளே, அவகூட உள்ள அப்படித்தான் நிக்கிறா. பொம்பளைங்களுக்குள்ள என்ன வெக்கம்னு சைகையிலயே கேக்குறா. கழுத்துல ஜபமாலை போட்டிருக்காளே, அவ அந்த மாலையை மட்டும் கழட்ட மாட்டேங்குறா!"

"அவங்க வழக்கம் அவங்களுக்கு. நம்ம வீட்ல இதெல்லாம் உண்டா?"

சிட்டு சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அண்ணி துண்டைத் தோளில் போட்டபடி வெளியே காத்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சிரிப்பு வந்தது. அத்தனை குரலிலும் சிட்டுவின் குரல் தனியாகக் கேட்டது. தன்னோடு இருக்கும்போது இப்படி ஒருநாளாவது சிரித்திருக்கிறாளா? கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். முக்காட்டுக்காரி சிட்டுவின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சிட்டு கூச்சத்தில் நெளிந்தாள். அண்ணி கதவிடுக்கிலிருந்து விலகினாள். கட்டின புருஷன்கூட வெளிச்சத்தில் தன்னைப் பார்த்ததில்லை என்பது, சம்பந்தமே இல்லாமல், அப்போது நினைவுக்கு வந்தது.

அன்றைக்கே ஊரிலிருக்கும் புருஷனுக்கு ஃபோன் போட்டாள். "உங்க தங்கச்சிகிட்ட கொஞ்சம் சொல்லி வைங்க. ஊர்ப்பட்ட பொம்பளைங்களுக்கு நடுவுல அம்மணமா நிக்கிறா. நான் சொன்னா பொல்லாதவ ஆயிடுவேன்."

அவன் சிட்டுவைக் கூப்பிட்டுக் கத்தின கத்தல் அறை முழுக்கக் கேட்டது. மானம் போச்சு, மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து சேர் என்றான். சிட்டு கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

"மேலெல்லாம் எரிஞ்சப்போ மானம் பாத்திருந்தா இப்ப உன்கிட்ட பேச நான் இருந்திருக்க மாட்டேன்ணே. நான் வரல."

ஃபோனை வைத்துவிட்டு அண்ணியின் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"அசிங்கமா இருந்திருந்தா என்கிட்ட சொல்லிருப்பீங்க அண்ணி. இது பொறாமை. அதான் அண்ணன்கிட்ட சொன்னீங்க."

அண்ணி தோளில் கிடந்த துண்டை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

மறுநாள் வேலை முடிந்ததும் சிட்டு சோப்பை எடுத்துக்கொண்டு போனாள். அண்ணி வழக்கம்போல வெளியே நின்றாள். பிறகு போய்க் கதவைத் தள்ளினாள்.

பேச்சு நின்றது. நுரை வழியும் உடம்புகளுக்கு நடுவே, கழுத்துவரை பொத்தான் போட்ட வேலைச் சட்டையோடு நின்ற அவளைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசிக் குழாயடியில் நின்ற சிட்டு மட்டும் திரும்பவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த வயதான ஒருத்தி தன் துண்டை மடிக்கு இழுத்துக்கொண்டு பக்கத்தில் இடம் விட்டாள். அண்ணி உட்காரவும் இல்லை, வெளியே போகவும் இல்லை. எந்தக் குழாயிலிருந்தோ தெறித்த தண்ணீரில் சட்டை கொஞ்சம் கொஞ்சமாக நனைந்து உடம்போடு ஒட்டத் தொடங்கியது.