தண்ணீர் விட்ட மறுநாள்

மேல்நிலைத் தொட்டியின் இரும்பு ஏணியில் எழுபத்திரண்டாம் படியை மிதித்தபோது மெர்சியின் இடுப்புப் பையில் கைப்பேசி அதிர்ந்தது. கொக்கியைக் கம்பியில் மாட்டி, மாட்டியதை இருமுறை இழுத்துப் பார்த்த பிறகே அவள் அதை எடுத்தாள். அழைத்தவர் பொறியாளர் சீனிவாசலு.

“மெர்சிம்மா, எங்கிருக்கறீங்க?”

“தொட்டி மேல ஏறிட்டிருக்கறனுங்க சார்.”

“ஏறி என்னத்தப் பாக்கறது? ஞாயித்துக்கெழமை நூத்தியெண்பத்தாறு மீட்டரும் பேசுச்சு. நேத்துல இருந்து அறுபத்தொண்ணு வாயவே தொறக்கல. எடந்தான் தப்புன்னு நான் அப்பவே சொன்னனா இல்லீங்களா?”

“சொன்னீங்க சார்.”

“சனிக்கெழமை பத்து மணிக்கு ஆபீசருங்க வாராங்க. அம்புட்டுத்தான் சொல்லுவேன்.”

சூலூருக்குக் கிழக்கே, விசைத்தறிக் கொட்டகைகளும் கோழிப்பண்ணைகளும் சூழ்ந்த செங்காட்டுப்புதூரில் வாசல்தோறும் ஒரு சிறு குழி; குழிக்குள் குடிநீர் மீட்டர். கால் மணிக்கொருமுறை ஒவ்வொரு மீட்டரும் தன் அளவை வானொலி அலையாக எழுப்பும். தொட்டியின் உச்சியில் பொருத்திய பெட்டி அவ்வலைகளையெல்லாம் வாங்கி அலுவலகத் திரையில் கொண்டு சேர்க்கும். அந்தப் பெட்டிக்கு இடம் தேர்ந்தவள் மெர்சி. ஊர்க்கோடியிலிருந்த கைப்பேசிக் கோபுரத்தைச் சீனிவாசலு சொன்னார். ஊரின் நடுவே நிற்கும் தொட்டியே தகும் என்று அவள் வாதிட்டு, ஆய்வுத்தாளில் தன் பெயரெழுதிக் கையொப்பமிட்டாள். பெண்ணொருத்தியை உயரத்தில் ஏற்றுவதற்கு மீட்டர் பொருத்தும் நிறுவனத்தை இசைவிக்கவே அவளுக்கு இரண்டாண்டுகள் பிடித்தன. சனிக்கிழமை அதிகாரிகள் பார்க்கும்போது நூற்றெண்பத்தாறில் நூற்றெண்பத்திரண்டேனும் பேசவில்லையென்றால் இடம் தேர்வதும் ஏணி ஏறுவதும் வேறு குழுவுக்குப் போகும். மெர்சி காந்திபுரத்து அலுவலகத்தில் திரைக்கு முன் அமர்வாள். அவளைப் பெற்றவர்கள் பிறர் காட்டில் குனிந்து களையெடுத்தே ஆயுளைக் கழித்தவர்கள். அந்தக் குடியில் நிமிர்ந்து பார்த்தபடி செய்யும் வேலை அவளுக்கு வாய்த்திருந்தது. அதை அவள் வரமென்றே எண்ணினாள். ஒவ்வொரு முறையும் முதற்படியில் கைவைத்து, உதடசையாமல் ஒரு துதி சொல்லிவிட்டே ஏறுவாள்.

உச்சியில் குற்றமெதுவும் இல்லை. ஆண்டெனா சாயவில்லை, ஒயர் இணைப்பில் ஈரம் புகவில்லை, பெட்டியின் பச்சை விளக்கு தவமிருப்பதுபோல் சீராகக் கண்சிமிட்டிற்று. மெர்சி கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து ஊரை நோக்கினாள். கீழ்வானில் கதிரவன் ஒரு முழம் ஏறியிருந்தது. தெருக்களின் ஓரம், வாசல்தோறும், வட்டவட்டமாய் ஒளித்துண்டுகள் கிடந்தன. வானம் உடைந்து சில்லுகளாய் வீட்டுக்கு ஒன்றென உதிர்ந்ததுபோல் இருந்தது. ஞாயிறன்று ஆராதனை முடித்த கையோடு இதே இடத்தில் நின்றபோது இந்த ஒளி இல்லையே என்று ஓர் எண்ணம் எழுந்தது. என்னவென்று பிடிபடுமுன் நழுவிற்று.

கீழே கயிற்றைப் பிடித்து நின்ற தாரிக், கோட்டைமேட்டுக்காரன், கம்பம் நடுவதிலும் சுவர் துளைப்பதிலும் கைதேர்ந்தவன், அண்ணாந்து கூவினான்.

“அக்கா, மேல ஏதாவது காக்கா கூடு கட்டிருக்குதுங்களா?”

“ஒரு எறும்புகூட இல்ல.”

“அப்ப நோவு கீழதானுங்க.”

மீட்டரின் அலை எட்டினால் ஒலிக்கும் கையடக்கக் கருவியை ஏந்தி இருவரும் வீடுவீடாக நடந்தார்கள். பேசாத மீட்டர்கள் ஒரு தெருவில் என்றில்லாமல் ஊரெங்கும் சிதறிக் கிடந்தன. தொட்டிக்கு நேர் கீழிருந்த வீடு ஊமை. அரை மைல் தள்ளியிருந்த பூட்டிய வீடு கணீரென்று பேசிற்று. தொலைவு காரணமானால் இது பொருந்தாது. மெர்சி வியர்வையைத் துடைத்துக்கொண்டு கடைசித் தெருவின் கடைசி வாசலில் நின்றாள். பங்காரம்மா என்ற அறுபது வயதுக்காரி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்கக்கா, உங்க மீட்டரப் பாக்கோணுமுங்க.”

“பாரு அம்மணி. வாராத தண்ணிக்கு ஆகாசத்துல ஆண்டெனா வெச்சவ நீதான?” பங்காரம்மா கையை உதறினாள். “அடுத்து காத்துக்கும் ஒரு மீட்டர் வெச்சுப்போடு.”

தாரிக் சிரிப்பை அடக்க முயன்று தோற்றான். மெர்சி குழியைத் தேடினாள். குழி தெரியவில்லை. அதன் மூடிமேல் இருநூறு லிட்டர் நீலநிற ட்ரம் ஒன்று விளிம்புவரை நிறைந்து நின்றது. வயிற்றில் மஞ்சளும் குங்குமமும், உள்ளே வானம்.

“இது எப்பவும் இங்கயேதானுங்களா?”

“பின்ன? கொழாய் இங்க. சேறாகாத எடம் இந்த மூடி ஒண்ணுதான். அஞ்சு நாளைக்கொருக்காத் தண்ணி உடறாங்க. நேத்து உட்டாங்க. படிகாரம் போட்டு ஒரு நா தெளிய உட்டுத்தான் மூடுவோம். இந்த ஊருல நெறைய ஊட்டுல இப்படித்தான்.”

“ஞாயித்துக்கெழமை?”

“ஞாயித்துக்கெழமை ட்ரம்முல எங்க இருக்குது தண்ணி? கவுத்துக் களுவி வெச்சிருந்தேன்.”

மெர்சி அசையாமல் நின்றாள். அலைகள் காற்றைக் கடக்கும். சுவரையும் ஓரளவு கடக்கும். நீரில் புகுந்தால் நீர் அவற்றைக் குடித்துவிடும். அவள் படித்த பாடம்தான். ஆனால் ஆய்வு செய்தது தண்ணீர் வருவதற்கு முந்தின நாள். ஊரின் ட்ரம்களெல்லாம் வெறுமையாய்க் கவிழ்ந்துகிடந்த நாளில் அளந்துவிட்டு, அதுவே ஊரின் இயல்பென்று கையொப்பமிட்டிருந்தாள். இடம் தப்பில்லை. நாள் தப்பு. உச்சியிலிருந்து கண்ட ஒளித்துண்டுகள் இப்போது நெஞ்சில் ஒவ்வொன்றாய்த் தைத்தன.

சோதிக்காமல் சொல்ல அவளுக்கு மனமில்லை. ஒரு சொட்டும் சிந்தக்கூடாது என்ற நிபந்தனையின்பேரில் பங்காரம்மா இசைந்தாள். குடம், அண்டா, சோற்றுப்பானை என வீட்டிலிருந்த கலங்களிலெல்லாம் மெர்சியும் தாரிக்கும் நீரை மொண்டு நிறைத்தார்கள். காலியான ட்ரம்மை இரண்டடி நகர்த்தியதும் கருவி கீச்சென்று ஒலித்தது. மீட்டர் பேசிற்று.

கைப்பேசியில் சீனிவாசலு முழுவதையும் கேட்டார். பிறகு அவர் குரல் தணிந்தது. அதில் உண்மையான கனிவும் இருந்தது.

“மெர்சிம்மா, அடுத்து எப்பத் தண்ணி?”

“சனிக்கெழமை காலையிலீங்க.”

“அப்ப சுளுவாப் போச்சு. ஆபீசருங்க வாரன்னைக்கு ட்ரம்மெல்லாம் காலியாத்தான் கெடக்கும். வால்வு தொறக்கறவருகிட்ட ஒரு வார்த்த சொல்லி, பதினோரு மணிக்கு உடச் சொல்றேன். ஒரு மணிநேரம். யாருக்கு என்ன நட்டம்? உங்க கையெழுத்தும் நிக்கும், என்ற தலையும் தப்பும்.”

வழி எவ்வளவு எளிது என்பதே அவளைத் திகைக்க வைத்தது. ஒரு சொல். ஒரு மணிநேரம். ஏணி அவளுக்கே எஞ்சும். கடைசி வாசலில் பங்காரம்மா, பானைகளில் மொண்ட நீரை மீண்டும் ட்ரம்மில் ஊற்றிக்கொண்டிருந்தாள். கடைசிக் குடம் ஊற்றியும் நீர் பழைய விளிம்பைத் தொடவில்லை. கீழே சிந்தியிருந்த ஈரத்தை அவள் காலால் தடவிப் பார்த்தாள்.

“அக்கா,” என்று மெர்சி கைப்பேசியைத் தாழ்த்திக் கேட்டாள், “கடைசி ஊட்டுக்குத் தண்ணி கொறச்சலாத்தான் வருதுங்களா?”

“மொத ஊட்டுல மோட்டார் போட்டு உறிஞ்சிப்போடறான். சொன்னா யாரு கேக்கறா? எனக்கு நெறையறதுக்கு மூணு மணிநேரமாகும். சிலப்ப நெறையாமயே நிறுத்திப்போடுவாங்க. அளந்து காட்டுன்னா நான் எதுல அளப்பேன்?”

மெர்சி கைப்பேசியை மீண்டும் காதில் வைத்தாள்.

“சார், தண்ணி வரட்டுங்க. ட்ரம்மெல்லாம் நெறையட்டும். தண்ணி வாரன்னைக்குப் பேசாத மீட்டர் எதுக்குங்க? பல்லடம் குடோன்ல வெளி ஆண்டெனா எழுபது கெடக்குதுங்க. குழியில இருந்து ஒயர இழுத்து கேட்டுத் தூணுல மாட்டிப்போட்டா, மீட்டரு ட்ரம்முக்கு அடியில கெடந்து கத்த வேண்டியதில்ல. அதுக்கு மட்டும் கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”

“மூணு நாள்ல அறுபத்தோரு ஊடா? ஒண்ணு ரெண்டு உட்டுப்போச்சுன்னா பரவால்ல. அஞ்சாறு உட்டுப்போச்சுன்னா அவ்வளவுதான், தெரியுமில்ல?”

“தெரியுமுங்க.”

“நாளப் பின்ன எம்மேல வருத்தப்படக் கூடாது.”

“படமாட்டனுங்க.”

புதன் காலை பல்லடத்திலிருந்து வந்து இறங்கிய பெட்டிகளோடு அவர்கள் தொடங்கினார்கள். தாரிக் குழியின் விளிம்பில் துளையிடுவான். மெர்சி மண்டியிட்டு, மீட்டரின் தலையைத் திறந்து, நூலினும் சற்றே தடித்த ஒயரைப் பிணைத்து, ஈரம் புகாதபடி பசைபூசி, தூணில் விரலளவு ஆண்டெனாவை நிறுத்துவாள். வேலையைவிட விளக்கம் நெடிதாயிற்று. தூணைத் துளைத்தால் வாஸ்து கெடும் என்றார் ஒருவர். கதிர்வீச்சில் முருங்கை பூக்காது என்றார் மற்றொருவர். வியாழன் முற்பகலில் ஒன்பது வீடுகளில் கதவே திறக்கவில்லை. மெர்சியின் முழங்கால்கள் சிராய்த்து, ஜீன்ஸ் துணியின்மேல் செம்மண்ணும் குருதியும் ஒருநிறமாயின. இருபத்தாறு முடிந்தன; முப்பத்தைந்து எஞ்சின.

பங்காரம்மா அன்று நண்பகல் தானாகவே தெருவுக்கு வந்தாள்.

“எந்த ஊட்டுல தொறக்கல?” என்றாள். மெர்சி காட்டிய கதவை உள்ளங்கையால் அறைந்தாள். “ஏனுங்க! உள்ள இருந்துக்கிட்டே இல்லீங்கற மாதிரி இருந்தா எப்படி? தண்ணி வரலீன்னு பஞ்சாயத்துல கத்தறப்ப மட்டும் கதவு தொறக்குமா? வாங்க வெளிய!”

கதவு திறந்தது. அடுத்ததும் திறந்தது.

“அக்கா, இவங்கள நம்ம கம்பெனில சேத்துக்கலாமுங்க,” என்றான் தாரிக்.

“சம்பளம் உன்னுதுல பாதியக் குடு, வாரேன்,” என்றாள் பங்காரம்மா.

வெள்ளி மாலை பொழுது சாயுமுன் அறுபதாவது தூண் முடிந்தது. அறுபத்தொன்றாவது பங்காரம்மாவின் வாசல். ஊரார் வேலை முடியட்டும் என்று அவள் தன் வீட்டைக் கடைசிக்குத் தள்ளியிருந்தாள். அங்கே ஒயரை இழுக்கும்போது மீட்டரின் இணைப்பு முனை மெர்சியின் விரலில் நெருடிற்று. கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்திருந்தது. சாமணத்தால் நிமிர்த்தினாள். மூச்சைப் பிடித்துப் பொருத்தினாள். காலியாய்க் கிடந்த ட்ரம்மின் அருகே கருவி ஒலித்தது. ஆனால் காலியான ட்ரம்மின் அருகே மீட்டர் ஞாயிறன்றும் பேசியதுதான்.

சனிக்கிழமை ஆறரை மணிக்கு வால்வு திறந்தது. மெர்சி முதற்படியில் கைவைத்தாள், துதி சொன்னாள், ஏறினாள். உச்சியில் நின்றபோது ஊர் இன்னும் இருண்ட வட்டங்களாய்த் தெரிந்தது. மேற்கே வால்வை ஒட்டிய வீடுகளில் முதலில் ஒளி பிறந்தது. தெருத்தெருவாய், வாசல்வாசலாய், ட்ரம்கள் நிறைய நிறைய வானம் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கைப்பேசித் திரையில் எண்கள் மாறின. எட்டு மணிக்கு நூற்றெண்பத்தாறு. ஒன்பதுக்கு நூற்றெண்பத்து மூன்று. ஒன்பதே காலுக்கு நூற்றெண்பத்தொன்று. ஒன்று குறைவு. ஒன்பதரைக்கு ஒன்று ஏறி நூற்றெண்பத்திரண்டு. இனிப் பத்து மணிக்கு, அதிகாரிகளின் முன்னால் எடுக்கப்படும் கணக்கே கணக்கு.

சூலூர்ச் சாலையில் புழுதி எழுந்தது. வெள்ளை ஜீப் ஒன்று கோழிப்பண்ணை வளைவில் திரும்பிற்று. கீழே தாரிக் கையசைத்துச் சைகை காட்டினான். மெர்சி கைப்பேசியைப் பையில் செருகினாள்.

கடைசித் தெருவின் கடைசி வாசலில் மட்டும் வட்டம் இன்னும் நிறையவில்லை; பேசும் நூற்றெண்பத்திரண்டில் அந்த மீட்டரும் ஒன்று. பங்காரம்மா குழாயருகே குந்தியிருந்தாள். நூலாய் விழும் நீரைப் பார்த்திருந்தவள், எழுந்து, ட்ரம்மின் வயிற்றில் குங்குமம் தொட்டு வைத்தாள். விரலில் எஞ்சியதைத் தூணிலிருந்த ஆண்டெனாவின் தலையில் ஒற்றினாள். ட்ரம்மின் கருமைக்குள், விளிம்புக்கு ஒரு சாண் கீழே, நிலவின் பிறைபோல ஒரு கீற்று வெளிச்சம் விளைந்து, அகன்று, மெல்ல மெல்ல மேலேறிக்கொண்டிருந்தது.