வைத்திலிங்கம் மணைக்கு ஓரம் எடுத்தது

1946ஆம் வருஷம் கார்த்திகை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, தச்சர் வைத்திலிங்கம் தரைக்கு ஒரு சாண் உயரத்தில் சிதம்பரத்தின் நான்கு தேர் வீதிகளையும் மூன்று முறை வலம் வந்தார். கையில் மரத்துக்கு ஓரம் செதுக்குகிற ரூட்டர் மிஷின் இருந்தது. பட்டறைச் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்ட அதன் ஒயர் பின்னால் தெருவைக் கூட்டிக்கொண்டே போனது. கரண்ட் இல்லாமலேயே மிஷின் ஓடியது. அன்றைக்குச் சந்தையில் கத்திரிக்காய் மலிவு, பூசணிக்காய் வரவில்லை.

அந்த மிஷின் அவர் கைக்கு வந்தது கல்யாணத்துக்காக. செம்மண்டலத்தில் இருந்த தாய்மாமன் தேவநாதனின் மகள் பார்வதத்தை அவருக்குத்தான் என்று பேசி எட்டு வருஷம். நடுவில் யுத்தம் வந்தது, வைத்திலிங்கம் பட்டாளத்துப் பட்டறைக்குப் போனார், வலக்கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினார். தேவநாதனும் தச்சர்தான். தாலி கட்டும்போது பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காருகிற மணைப்பலகையை மாப்பிள்ளையே செய்ய வேண்டும், அதன் ஓரவேலையை வலமாகச் சுற்றி முடிக்க வேண்டும் என்பது அவர் வீட்டு வழக்கம். இடமாகச் சுற்றுவது சாவு வீட்டுக்கு. "உளி புடிக்கத் தெரியாதவனுக்குப் பொண்ணு குடுத்தேன்னு நாளைக்கு ஊரு சிரிக்கும். தை பொறக்கறதுக்குள்ள மணை வரணும். வரலன்னா கம்மாபுரத்துப் பையனுக்குப் பேசிடுவேன்" என்று சொல்லிவிட்டார். நல்ல மனுஷர்தான், ஆனால் பிடிவாதத்தில் கருங்கல். பார்வதம் மூன்று நாள் சோறு தின்னவில்லை.

உளி பிடிக்க விரல் இல்லை. ஆனால் பட்டாளத்துப் பட்டறையில் கூட வேலை பார்த்த எலக்ட்ரீஷியன் தேவசகாயம், கடலூர் துறைமுகத்துக் கிடங்கில் யுத்தத்தில் மிஞ்சிய சாமான்களை ஏலம் விடுகிறார்கள் என்று கூட்டிப்போனார். அங்கே மூன்று ரூட்டர்கள் கிடந்தன. பெரியது ஆளையே கவிழ்க்கும் கனம். இரண்டாவது புதுப்பெண் மாதிரி மினுக்கியது, தேவசகாயம் அச்சைப் பிடித்து அசைத்தால் விழப்போகிற பல்லாக ஆடியது. மூன்றாவதுக்குப் பெயின்ட் உரிந்து மூஞ்சியே சரியில்லை. ஆனால் அடித்தட்டைக் கண்ணாடிமேல் வைத்தால் துளி ஆட்டமில்லை, கத்தியைப் பொருத்தி இறுக்கினால் இழுத்தும் வரவில்லை, இரண்டு உருண்டைப் பிடிகளையும் உள்ளங்கையால் அழுத்தினாலே போதும், விரலே வேண்டாம். வைத்திலிங்கம் அதைப் பச்சைப்பிள்ளை போல மார்பில் அணைத்துக்கொண்டு ரயில் ஏறினார்.

"வெட்டற மரம் எப்பவும் ஒன் இடக்கைப் பக்கம் இருக்கணும். பலகைய வெளியில சுத்துனா இடமாத்தான் தள்ளணும். வலமாப் போனே, அது ஒன்ன இழுத்துக்கினு ஓடிடும்" என்று தேவசகாயம் தலையால் அடித்துக்கொண்டார். "மணையப் போயி இடமா சுத்தச் சொல்றியே, நீ நல்லாருப்பியா? எம் மாமா பொண்ணு குடுப்பாரா?" என்று வைத்திலிங்கம் பலாப்பலகையை வலமாகவே சுற்றினார். மிஷின் ஓரத்தைக் கடித்துத் துப்பிவிட்டு அவரை இழுத்துக்கொண்டு வாசலைத் தாண்டியது. அதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை. மார்கழி பாதி வருவதற்குள் இன்னும் ஐந்து பலகை பாழ், இன்னும் ஐந்து முறை மூன்று சுற்று. எப்போதும் கோயில் மதிலை ஒட்டியே, குதிரை வேகம். கீழ வீதிக்காரர்கள் வடகம் காயப்போட்ட பாயை இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். நாங்கள் கால் வலிக்க நடக்கிறோம், இந்த ஆளுக்கு வந்த வாழ்வைப் பார் என்று சிலருக்குப் பொறாமை. வைத்திலிங்கத்துக்கோ அழுகை அழுகையாக வந்தது. கையில் மிஷின் இருந்ததால் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை.

ஆருத்ரா தரிசனத்துக்குத் தேவநாதன் மகளோடு வந்திருந்தார். ஏழாவது பலகையும் போய், வைத்திலிங்கம் தெற்கு வீதியில் பறந்து வந்ததை இருவரும் கண்ணால் பார்த்தார்கள். "இவன் எங்க மணை செய்யப் போறான்" என்று அப்பா தலையைத் திருப்பிக்கொண்டார். பார்வதம் திருப்பவில்லை. புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஓடினாள், ஒயர் நுனியைப் பிடித்தாள், வீடுகள் இருக்கிற பக்கமாக ஒரே இழுப்பு. வீட்டுச் சுவர் வைத்திலிங்கத்தின் இடக்கைப் பக்கம் வந்ததும் மிஷின் சாதுவாகி நடை வேகத்துக்கு இறங்கியது. அவள் கொஞ்சம் விட்டுப் பார்த்தாள், மதில் பக்கம் போய்ப் பறந்தது. மறுபடி இழுத்தாள், நடந்தது.

"மச்சான், வலமாத்தான போறீங்க? வெளிச்சுவத்த ஒட்டி உள்ளார போனா அது சும்மாதான வருது! பலகைக்கும் உள்ளார சுத்துங்களேன்."

வைத்திலிங்கம் அந்தரத்திலேயே வாயைப் பிளந்தார்.

எட்டாவது பலகையில் வெளி ஓரத்தைத் தொடவில்லை. நான்கு விரற்கடை விளிம்பு விட்டு, நடுவைத் தாம்பாளம் போலக் குழித்து, அந்த விளிம்பின் உள்முகத்தை ஒட்டி வலமாக வந்தார். மரம் இடக்கைப் பக்கம் இருந்தது, மிஷின் வெண்ணெயில் போவதுபோலப் போனது. ஒரே மூச்சாகக் கத்தியை ஆழமாக இறக்காமல் மூன்று தடவையாக இறக்கினார். தேவநாதன் வந்து கட்டைவிரலால் உள் ஓரத்தை வலமாகத் தடவிக்கொண்டே போனார், ஒரு சிலும்பு தட்டவில்லை. மறுபடி தடவினார். "முகூர்த்தத்துக்கு நாள் பாருங்கடா" என்று மட்டும் சொல்லிவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே போனார்.

தையில் கல்யாணம். ஊர்வலத்துக்குக் கார் பேசியிருந்தார்கள், அது வரவில்லை, யாரும் அதைப் பெரிதுபடுத்தவும் இல்லை. வைத்திலிங்கம் ரூட்டரைக் கொண்டுவரச் சொன்னார். இடப்பக்கத்துப் பிடியில் அவர் கை, விரல் இல்லாத வலக்கையின்மேல் பார்வதத்தின் கை. மாலையும் கழுத்துமாக, தரைக்கு ஒரு சாண் மேலே, வீட்டுச் சுவர்களை ஒட்டி, நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்காத வேகத்தில் நான்கு வீதியும் வந்தார்கள். "இன்னொரு சுத்து போலாமா?" என்றாள் பார்வதம். போனார்கள்.

அதற்குப் பிறகு கடலூர் வரைக்கும் மணை கேட்டு ஆள் வந்தது. வேலை இல்லாத சாயங்காலங்களில் இருவரும் ஒரு சுற்றுப் போய், வரும்போது காய்கறி வாங்கி வந்தார்கள். பாயில் மரத்தூள் விழுகிறது என்று கீழ வீதியில் ஒரு புகார் வந்தது. அன்றுமுதல் பார்வதம் கிளம்பும் முன் மிஷினை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் எடுத்தாள்.