குறுக்குக் கீறல்

அதியாத் மூன்றாம் மாடி பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோதுதான், கீழே தெருவில் இருந்த நான்கு ஸ்பீக்கர்களும் சேர்ந்து அவளைத் திருடி என்றன.

"நல்ல சிப்பை வெளியில வித்துட்டு, போலியைச் சொருகி வெச்சிருக்கா. பதினோரு வருஷமா எங்கிட்ட வேலை பார்க்கிறவ. நல்லா செஞ்சா எனக்கு."

குரல் அவளுடைய முதலாளி, ஸ்பீக்கர் பெட்டி செய்து வாடகைக்கு விடும் மேஸ்திரி, உஸ்தா ஷெஹாத்தாவுடையது. மைக்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு பெட்டியைக் குடைந்துகொண்டிருந்த மனுஷனுக்கு அது திறந்திருப்பது தெரியவில்லை. கெய்ரோவின் இம்பாபாவில் அந்தச் சந்து இரண்டு ஆள் அகலம். எதிர் வீட்டுக்காரி மொலுக்கியா கீரை நறுக்குவதை நிறுத்திவிட்டு அதியாத்தையே பார்த்தாள்.

ஈரச் சட்டை கையிலிருந்து நழுவித் தெருவில் விழுந்தது. அன்று கல்யாணம் காப்பிக்கடை மெத்வல்லியின் மகளுக்கு. சாயங்காலம் தெருவே ஆடப்போகிறது. அதற்காகத்தான் நண்பகல் லுஹர் தொழுகை முடிந்த கையோடு சத்தம் சரிபார்த்தார்கள். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மேல் சத்தம் கத்தி மாதிரி வந்தது. பாஸ் என்கிற அடிச்சத்தம்தான் சளி பிடித்தவன் தொண்டை மாதிரி வந்தது. பாட்டைப் பிரித்துக் கீச்சை மேல் ஸ்பீக்கருக்கும் அடிச்சத்தத்தைக் கீழ் ஸ்பீக்கருக்கும் அனுப்பும் கிராஸ்ஓவர் பெட்டியில் ஏதோ கோளாறு என்று அவளுக்கும் தெரிந்தது. அந்தப் பெட்டி அவள் கையால் ஈயம் பற்றவைத்துச் செய்தது.

பூதக்கண்ணாடியையும் ஈயம் பற்றவைக்கும் கோலையும் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். செருப்பு மாட்ட மறந்துவிட்டாள்.

ஷெஹாத்தாவின் பெட்டிக்குக் கெய்ரோவில் ஒரு பெயர் உண்டு. அந்த பாஸுக்குக் காரணம் ஜெர்மனியிலிருந்து தனக்கு மட்டும் வரும் ஒரு சிப்பு என்று அவர் சொல்லிக்கொள்வார். யாரும் நம்பர் படிக்கக் கூடாதென்று சிப்பின் முதுகைச் சுரண்டித்தான் கடையிலிருந்து வெளியே விடுவார். சுரண்டிவிட்டால் எல்லாச் சிப்பும் ஒரே மாதிரி கறுப்பு. ஜெர்மனியாம், மண்ணாங்கட்டி. அது என்ன சிப்பு என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருத்தி வெறுங்காலோடு இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

கூட்டம் விலகியது. மைக்கை மேசைமேல் வைத்திருந்தார் ஷெஹாத்தா. அது திறந்திருந்ததை யாரோ சொல்லியிருக்க வேண்டும். முகம் வெளிறியிருந்தாலும் வாய் அடங்கவில்லை.

மகன் பேரை வைத்துத்தான் அவளைக் கூப்பிடுவார். "தொட்டுப் பாரு நாதிரம்மா. விரலு பொசுங்குது. என் சிப்பு இப்படிச் சுடுமா? போலிதானே இது?"

"பெட்டியைத் தள்ளு உஸ்தா."

"எல்லார் முன்னாடியும் வேணாம். கடைக்குப் போய்ப் பேசலாம்."

"பேசினதை இங்க பேசிட்டு, பதிலை மட்டும் கடையில கேக்குறியா?"

சிப்பு இரண்டையும் சாக்கெட்டிலிருந்து நெம்பி எடுத்தாள். சூடு உள்ளங்கையில் உறைத்தது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு அல்ல.

"மெத்வல்லி, நீ பாரு. கோடு எப்படி ஓடுது?"

மெத்வல்லி கண்ணைச் சுருக்கினான். "குறுக்கால. கறகறன்னு இருக்கு."

"நான் டிவி ஃபாக்டரியில பழகினவ. உப்புத்தாள் வெச்சு நீளவாக்குல தேய்ப்பேன், கோடே தெரியாது. பிளேடால குறுக்க சுரண்டுற அவசரக்காரன் எங்க கடையில ஒரே ஆளுதான்."

ஷெஹாத்தா தலையைச் சொறிந்தார்; நடந்தது துண்டு துண்டாக வெளியே வந்தது. போன வாரம் எவனோ ஒரு வாடிக்கையாளன் போனில் எதையோ படித்துவிட்டு வந்து, புது ரகச் சிப்பு ஒன்றுதான் இப்போது உலகத்திலேயே உசத்தி என்று ஓதியிருந்தான். மனுஷன் உடனே பாபுல்லூக் கடைத்தெருவுக்கு ஓடி ஆறு வாங்கிவந்தார். போட்டுப் பார்ப்பதற்கு முன்பே பழக்கதோஷத்தில் சுரண்டினார். அவருடைய டப்பாவில் சூரியகாந்தி விதைத் தோல் நிரம்பிக் கிடந்ததால் அவள் சிப்பு போட்டுவைக்கும் ஹல்வா டப்பாவில் கொட்டிவைத்தார். சொல்ல மறந்தார். அவள் வழக்கம்போல் அதிலிருந்து எடுத்து மாட்டினாள். சுரண்டிய சிப்பில் பார்க்க என்ன இருக்கிறது? ஆனாலும் பார்த்திருக்கலாம் என்று அவளுக்குத் தன்மேலும் ஒரு கோபம் வந்தது.

"இது போலியும் இல்ல, ஒண்ணுமில்ல. நல்ல சிப்பு, ரொம்ப வேகமான சிப்பு. இதுக்குப் பக்கத்துலயே ஒரு கண்டென்சர் வெச்சுக் கட்டுப்படுத்தணும். நம்ம போர்டுல அதுக்கு இடமே இல்ல. அதான் காதுக்குக் கேக்காத சுருதியில தானா ஊளையிட்டுக்கிட்டுக் கொதிக்குது. பாஸுக்கு அங்க தெம்பு எங்க இருக்கும்? பாஸுக்கு எதுக்குய்யா இவ்வளவு வேகம்?"

"சரி, சரி," என்றார் ஷெஹாத்தா தணிந்த குரலில். "என் தப்புதான். கடைக்குப் போய் நம்ம சிப்பை எடுத்துட்டு வந்திடுறேன்."

"அந்த டப்பாவுல எது எதுன்னு இனி யாருக்குத் தெரியும்? மெத்வல்லி, உன் கடைப் பரண்ல செத்துப்போன டேப் டெக் ஒண்ணு இருந்துச்சே, எடுத்துட்டு வா."

எல்லார் கண்முன்னும் நம்பரோடு சிப்பு வெளியே வரப்போகிறது என்று ஷெஹாத்தாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் கையைப் பிடிக்கப்போய் நிறுத்திக்கொண்டார். "நாதிரம்மா, வேணாம். கடையோட பேரு போயிடும்."

"எம் பேரு போனப்ப நாலு ஸ்பீக்கர்ல போச்சு."

காப்பிக்கடை மேசையிலேயே டேப் டெக்கைப் பிளந்தாள். ஈயம் உருகும் வாடையில் ஹூக்கா இழுத்துக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து வந்தார்கள். இரண்டு சிப்பைக் கழற்றிக் கால்களைத் துடைத்துக் கிராஸ்ஓவர் பெட்டியில் அழுத்தினாள். முதுகில் நம்பர் பளிச்சென்று இருந்தது. அதை அவள் சுரண்டவில்லை.

பாட்டு வந்தது. பாஸ் தரை வழியாக வந்து வெறுங்காலில் ஏறியது. கீழ் ஸ்பீக்கர்மேல் வைத்த தேநீர்க் கிளாஸ் கலகலக்கவில்லை. தேநீரில் மட்டும் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. அந்தத் தெருவில் நல்ல பாஸுக்கு அதுதான் சோதனை.

மெத்வல்லி குனிந்து நம்பரை உரக்கப் படித்தான். "நாற்பத்தஞ்சு ஐம்பத்தெட்டு. அடேய், இது கிழவன் காலத்து ரேடியோவுல எல்லாம் கிடக்குமே. இதுதான் உன் ஜெர்மனியா உஸ்தா?"

தெரு சிரித்தது. அவமானத்தில் ஷெஹாத்தாவின் காது சிவந்தது. அதியாத் பாட்டை நிறுத்திவிட்டு மைக்கை நீட்டினாள்.

"சொல்லு."

மைக்கை வாயிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "அந்தம்மா எதையும் எடுக்கல," என்று முனகினார்.

அவள் கை நீட்டிச் சத்தத்தை முழுசாகத் திருப்பினாள். "பேரைச் சொல்லு."

"அதியாத் எதையும் திருடல. சிப்பைக் கலந்தது நான். போலின்னு சொன்னது பொய்."

நான்கு ஸ்பீக்கர்களும் அதைச் சந்தின் கடைசிவரை கொண்டுபோயின. எதிர் வீட்டுக்காரி தலையைக் குனிந்து மறுபடி கீரை நறுக்க ஆரம்பித்தாள்.

ஷெஹாத்தா மைக்கை அணைத்தார். அணைந்ததா என்று இரண்டு தடவை பார்த்தார். "போதுமா? மனசுல வெச்சுக்காத. நாளைக்கு ஒன்பது மணிக்கு வந்துடு. இம்பாபாவுல உன்ன மாதிரி காது யாருக்கும் இல்ல."

"இதையும் மைக்குல சொல்லியிருக்கலாம்," என்றாள் அதியாத்.

பையிலிருந்து கடைச் சாவியை எடுத்துத் தேநீர்க் கிளாஸ் பக்கத்தில் வைத்தாள். பாட்டை மறுபடி ஓடவிட்டாள். ஈரச் சட்டை தெருப் புழுதியில் கிடந்தது. எடுத்து உதறிக்கொண்டு படியேறினாள். சாவி ஸ்பீக்கர்மேல் கொஞ்சம் கொஞ்சமாக விளிம்புக்கு நகர்ந்துகொண்டிருந்தது. ஷெஹாத்தா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.