மரம் ஏறிக் காட்டு

தாலுகா அலுவலகக் கவுண்டரின் ஷட்டர் பாதி இறங்கிவிட்டது. சூளையில் செங்கல் சுமப்பவள் அதன் அடியில் முழங்கையைக் கொடுத்துத் தாங்கினாள்.

"கை போயிரும்மா, எடு!" உள்ளேயிருந்து கிளார்க் கத்தினார்.

"போவட்டும் சார். அஞ்சு மணிக்குள்ள இனச் சான்றிதழ் காட்டலேன்னா எம் பொண்ணோட நர்ஸ் படிப்பு சீட்டு அடுத்தவளுக்குப் போயிரும்."

மணி மூன்றே முக்கால். கிளார்க் முணுமுணுத்துக்கொண்டே தாயையும் மகளையும் அதிகாரியின் அறைக்குள் தள்ளிவிட்டார்.

அதிகாரி பேனா மூடியால் காது குடைந்துகொண்டிருந்தார். அது முடியும்வரை இருவரும் நின்றார்கள். மூடியை மகளின் விண்ணப்பத்திலேயே துடைத்தார்.

"பள்ளிக்கூடத்துல ஒரு பேரு, இதுல ஒரு பேரு. எது ஒரிஜினல்?"

"ரெண்டும் இவதான் ஐயா. போன வருஷம் எங்க நாத்தனார் செத்துப்போச்சு. இவளுக்கும் அதே பேருதான். எங்க சனத்துல செத்தவங்க பேரை வாயால சொல்ல மாட்டோம். சொன்னா போற வழியில நின்னுருவாங்க. அதான் பொண்ணுக்கு வேற பேரு வெச்சோம்."

"அடேங்கப்பா! பழைய பேரைச் சொல்லு, இப்பவே கையெழுத்துப் போடறேன்."

தாய் தரையைப் பார்த்தாள். மகளின் உதடு பிரிந்தது. தோளில் தூக்கி வளர்த்த அத்தை. உதடு மறுபடி ஒட்டிக்கொண்டது.

"கையில செல்போனு, காலுல செருப்பு. நீங்கல்லாம் காட்டு சனமா? அந்த சனம்னா குரங்கு மாதிரி மரம் ஏறணுமே! வாசல்ல மரம் நிக்குது. ஏறிக் காட்டு, பாப்போம்."

"நான் ஏறுறேன் ஐயா" என்றாள் மகள்.

"நீ சும்மா இரு." தாய் சேலையை வரிந்து கட்டிக்கொண்டாள்.

அலுவலகமே வாசலுக்கு வந்துவிட்டது. நாலு செல்போன்கள் உயர்ந்தன. சூளையில் பதினெட்டு வருஷம் கல் சுமந்த இடுப்பு, முதல் கிளையிலேயே மக்கர் பண்ணியது. "இன்னும் மேல போக்கா, மூஞ்சி தெரியல!" என்றான் பியூன். உச்சிவரை போய்விட்டு, தோல் உரிந்த முழங்காலோடு இறங்கி வந்தாள்.

"எலக்ட்ரிக் கம்பத்துல ஏறுறவன்கூடத்தான் ஏறுவான்" என்றார் அதிகாரி. "பேரைச் சொல்லமாட்டேன்னுட்டே. நிராகரிக்கப்பட்டது. இந்த மாதிரி ஃபோர்ஜரி எத்தனை பார்த்திருக்கேன்!"

உள்ளே போனதும் விண்ணப்பத்தில் சிவப்பு மசியில் முத்திரை விழுந்தது. "யோவ் கிளார்க், என் பிரமோஷன் பைல் என்னாச்சு? இன்னிக்கே மேல போகணும்."

"ரெடி சார். உங்க இனச் சான்றிதழ் நகல் மட்டும் பின் அடிக்கணும்."

கிளார்க் அதைக் கவுண்டரில் விரித்துவைத்துவிட்டு ஸ்டேப்ளரைத் தேடினார். தாய் எச்சில் தொட்டு முழங்காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மகள் தலைகீழாகவே படித்தாள். மூலையில் அதிகாரியின் புகைப்படம். இனம் என்ற கோட்டுக்கு நேரே, பிழையில்லாமல் டைப் அடித்திருந்தது, அவர்களுடைய சனத்தின் பெயர்.